ஜெராக்ஸ் அக்காவின் கணக்குப் பரீட்சை

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த கடையில் பதினோரு வருஷமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தாள் ஜெராக்ஸ் அக்கா. பரீட்சை மாதம் வந்தால் அவளுக்கு மனிதர்கள் மேலேயே ஒரு இளக்காரம் வந்துவிடும். நகல் எடுத்தாலே பாடம் மண்டையில் ஏறிவிடும் என்று நம்பி வரிசையில் நிற்பவர்களை வேறு எப்படிப் பார்ப்பது?

அதிலும் பல் டாக்டர் வீட்டம்மா. பத்தாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு, அவளின் படிப்பு அட்டவணையைக் கலரில் அச்சடித்து லேமினேட் செய்ய வந்தாள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு கட்டம்.

"தண்ணி குடிக்கக்கூட கட்டம் போட்டிருக்கீங்க," என்றாள் அக்கா. அந்தம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

மகள் கையில் இருந்த புத்தகத்தில் ஒரு வரி பாக்கியில்லாமல் மஞ்சள் கோடு. அக்கா அவளிடம் கேட்டாள்.

"இதுல எதும்மா முக்கியம்?"

"எல்லாமே முக்கியம்க்கா."

"அதுக்குப் புஸ்தகத்தையே பெயிண்ட் டப்பால முக்கி எடுத்திருக்கலாமே."

அக்காவுக்கும் அந்த வருஷம் ஒரு பரீட்சை இருந்தது. கல்லூரி அலுவலகத்தில் ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும். அவள் பதினாறு வயதில் கணக்கில் கோட்டை விட்டவள். தனித்தேர்வராகப் பணம் கட்டிவிட்டு, பஸ் ஓட்டும் கணவனிடம் மட்டும் சொன்னாள்.

"இந்த வயசுல எதுக்குடி இந்த வேண்டாத வேலை?" என்றான். அதோடு அவன் பங்கு முடிந்தது.

கடையில் பாழான தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஒருமுறை பார்ப்பாள், புத்தகத்தை மூடுவாள், எழுதுவாள். முதல் நாள் பத்தில் ஏழு தப்பு. அன்று இளக்காரம் அவள் பக்கமே திரும்பியது. அந்தக் காலத்தில் விடையோடு இருந்த கணக்குகளைக் கதை மாதிரி வாசித்துவிட்டு, படித்தேன் என்று ஊரை ஏமாற்றியவள்தானே அவளும். தப்பானதை மூன்று நாள் கழித்து மறுபடி போட்டாள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. வந்த கணக்கைச் சும்மா சும்மா போட்டுப் பார்த்துப் பூரிக்கவில்லை.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் டாக்டர் வீட்டம்மா மகளோடு வந்து, எண்பது பக்க 'முக்கிய வினாக்கள்' நகல் கேட்டாள்.

"இனிமே இதை எப்பங்க படிக்கிறது?"

"கையில இருந்தா ஒரு தைரியம்தான்."

அக்கா ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் ஒரு சூத்திரம் கேட்டாள். பெண் கூரையைப் பார்த்தாள். "படிச்சது ஞாபகம் இருக்குக்கா. வரமாட்டேங்குது."

"பார்த்தது ஞாபகம் இருக்கு. படிக்கல."

அம்மாவுக்கு முகம் சிவந்தது. "ஜெராக்ஸ் போடுறவங்க ஜெராக்ஸ் போட்டா போதும்."

அக்கா எண்பது பக்கத்தையும் கோணாமல் எடுத்து, பின் அடித்துக் கொடுத்தாள்.

முடிவு வந்தது. கணக்கில் அக்காவுக்கு எழுபத்தொன்று. டாக்டர் மகள் நாற்பத்தெட்டோடு கரையேறினாள். கேள்வித்தாள்தான் மோசம் என்றாள் அந்தம்மா.

பஸ் டிப்போவில் கணவன் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்து, "நான்தான் விடாம படிக்க வெச்சேன்," என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கண்டக்டர் வந்து சொன்னார்.

"அவரா?" என்றாள் அக்கா. "கணக்குப் புஸ்தகத்துல எத்தனை பாடம்னு அவரையே கேளுங்க, பார்ப்போம்."

அடுத்த திங்கட்கிழமை கல்லூரி அலுவலகத்தில் சேர்ந்தாள்.