நட்சத்திரத் தாள் ஒட்டிய டேப்புகள்

இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தின் கர்னலில் என் பெயர் சில ஆண்டுகள் இருந்தது. கர்னல் என்பது இயங்குதளத்தின் உள்ளிருக்கும் ஆதார நிரல். அதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். எந்தக் கருவிக்கான நிரலை யார் பராமரிக்கிறார் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. மெயின்பிரேம் காலத்து டேப் டிரைவ் ஒன்றுக்கு நேராக என் பெயர் இருந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் கை வியர்த்துவிடும். வீட்டில்கூட இதை விரிவாகச் சொன்னதில்லை.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. காரைக்குடியிலிருந்து கோவிலூர் போகும் சாலையில் எங்கள் அலுவலகம் இருந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளந்து பதிவுசெய்யும் ஓர் அறக்கட்டளை அலுவலகம். அதற்குப் பல வருடங்கள் முன்பே அங்கே நான் தட்டச்சராகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்த சில வருடங்களில், வெளிநாட்டில் கழித்துப்போட்ட மெயின்பிரேம் கணினி ஒன்று நன்கொடையாக வந்து இறங்கியது. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் நிரல்களைத் தாளில் எழுதித் தருவார்கள், நான் தட்டச்சு செய்வேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் என் கண் அங்கே நின்றுவிடும். அந்தக் காற்புள்ளி எதற்கு என்று முதலில் தெரியாது. வருடங்கள் போகப் போக அதுவும் தெரிந்தது. மதுரையில் ஒரு புத்தகம் வாங்கி, மீதியை நானே படித்துக்கொண்டேன்.

தகவல்களைக் காந்த நாடாவில் பதிந்து படிக்கும், பீரோ உயரத்தில் இருந்த டேப் டிரைவைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. திருப்பத்தூர் பக்கத்துக் கிணறுகள், நாச்சியாபுரம் பக்கத்துக் கிணறுகள் என்று எல்லா அளவுகளும் தட்டு அளவு ரீல்களில் சேர்ந்தன. பதினோரு வருடத்து அளவுகள்.

ஒரு நாள் மெயின்பிரேம் நின்றுவிட்டது. அதற்கான உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. டேப் டிரைவ் மட்டும் நன்றாக இருந்தது. அளவு எழுதிய நோட்டுகளைப் பார்க்கலாம் என்று கிடங்கைத் திறந்தால், முக்கால்வாசியைக் கரையான் தின்றிருந்தது. எந்தெந்த ஊரில் இனி ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்று மாவட்ட நிர்வாகத்துக்கு அறிக்கை தர வேண்டிய நேரம். மழை பொய்த்த இரண்டு வருடத்து அளவுகள் இல்லாமல் அந்த அறிக்கைக்குப் பொருளே இல்லை. அவை டேப்பில் மட்டுமே இருந்தன.

எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவசரக்காரர்.

"மாசக் கடைசியில லாரி வருதும்மா. பழசு எல்லாத்தையும் ஏத்தி விட்டுருவோம். அதுக்குள்ள டேப்பைப் படிக்க வழி இருந்தா பாருங்க. இல்லாட்டி அதுவும் சேர்ந்து போகட்டும்."

அலுவலகத்தில் ஒரு சாதாரணக் கணினி இருந்தது. அந்த இலவச இயங்குதளத்தைப் பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டிலிருந்து அதில் நிறுவியிருந்தேன். எங்கள் வகை டேப் டிரைவுக்கு ஏற்கனவே ஒரு டிரைவர் அதில் இருந்தது. கருவிக்கும் கர்னலுக்கும் நடுவில் நின்று பேசுகிற நிரலைத்தான் டிரைவர் என்கிறோம். அதை ஐரோப்பாவில் ஒருவர் எழுதிப் பராமரித்துவந்தார். டேப் டிரைவைக் கணினியோடு இணைப்பதற்கான அட்டை சென்னையில் பழைய பொருள் கடையில் கிடைத்தது. கேபிள் மட்டும் கிடைக்கவில்லை. அதைச் செய்து தந்தவர் எங்கள் எலெக்ட்ரீஷியன். நாச்சியாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். என்னைப் பேச வைப்பதைத் தன் கடமையாக நினைத்திருந்தார்.

"என்னக்கா, டிரைவர் வேலை பாக்குறீகளாமே? லைசென்ஸ் எடுத்தாச்சா?"

நான் சிரித்துவிட்டு ரீலை மாட்டினேன். முதல் டேப் படித்தது. திரையில் கிணற்று எண்களும் அடிக் கணக்கும் ஓடியபோது அவர் கைதட்டினார். முதல் நான்கு வருடத்து டேப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. ஐந்தாம் வருடத்து முதல் டேப்பை மாட்டியதும் டிரைவ் ஒரு விநாடி அசைந்து நின்றது. 'டேப் நகரவில்லை' என்று திரையில் செய்தி. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அந்த டிரைவருக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. எங்கள் அலுவலகத்தில் காலையும் மாலையும் மதுரைக்குத் தொலைபேசி இணைப்புப் போட்டுக் கடிதங்களை எடுப்போம். முகம் காட்டாமல் எழுதலாம் என்பதால் துணிந்து எழுதினேன். சில டேப்புகள் நகர மறுக்கின்றன, காரணம் தெரியவில்லை என்று. ஐரோப்பியர் மறுநாளே பதில் போட்டார். கேபிள் சரியில்லாமல் இருக்கலாம், மாற்றிப் பாருங்கள் என்றார்.

எலெக்ட்ரீஷியன் இன்னொரு கேபிள் செய்தார். ஐம்பது கம்பி, ஐம்பதையும் உட்கார்ந்து பற்றவைத்தார். மாற்றம் இல்லை.

அன்று சாயங்காலம் ஓட மறுத்த டேப் ஒன்றை எடுத்து, முன்நுனியை விரலில் சுற்றிப் பார்த்தேன். டேப் எங்கே தொடங்குகிறது என்று டிரைவுக்குக் காட்ட, முனைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன வெள்ளித் துண்டு ஒட்டியிருக்கும். அதன் மேல் விளக்கொளி பட்டுத் திரும்பினால் டிரைவ் அங்கே நின்றுகொள்ளும். இந்தத் துண்டு நீளமாக இருந்தது. அதில் பொடிப்பொடியாக நட்சத்திரம் அச்சாகியிருந்தது.

எனக்குக் காது சுட்டது.

ஐந்தாம் வருடம், டிரைவைச் செய்த நிறுவனம் தந்த வெள்ளித் துண்டுகள் தீர்ந்துபோயின. எழுதிக் கேட்டும் வரவில்லை. அளவுகள் வந்து குவிந்தன. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு நட்சத்திரம் செய்ய வாங்கிய தாள் மிச்சம் இருந்தது. பின்பக்கம் பசை உள்ள வெள்ளித்தாள். அதை வெட்டி ஒட்டினேன். சின்னதாக வெட்டினால் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் இரண்டு மடங்கு நீளமாக வெட்டினேன். மெயின்பிரேம் அதை ஏற்றுக்கொண்டது. அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு தாள் கூடுதலாக வாங்கி அலுவலகத்துக்கு எடுத்துவந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது விஷயம் புரிந்தது. டேப் ஓடத் தொடங்கியதும் டிரைவர் ஒரு சின்ன நேரம் காத்திருந்து, வெள்ளித் துண்டு கடந்துவிட்டதா என்று பார்க்கும். என் துண்டு நீளம் என்பதால் அது இன்னும் விளக்கின் கீழேயே இருக்கும். டேப் நகரவே இல்லை என்று முடிவுகட்டி டிரைவர் நிறுத்திவிடும். ஒரு டேப்பில் துண்டை உரித்துப் பார்த்தேன். டேப்பின் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. உரிக்க முடியாது. காத்திருக்கும் நேரத்தை நானே கூட்டிப் பார்த்தேன். டேப் ஓடியது, ஆனால் டிரைவர் காத்திருக்கும்போதே முதல் பகுதி கடந்துபோய், ஒவ்வொன்றிலும் அது விடுபட்டது. எந்தக் கிணறுகள், எந்த மாதம் என்ற விவரம் அந்த முதல் பகுதியில்தான் இருந்தது. அது இல்லாமல் மீதி வெறும் எண்கள்.

உண்மையைச் சொல்லி உதவி கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. உலகம் முழுவதும் படிக்கிற குழுவில், படித்த பொறியாளர்கள் நடுவில், குடில் நட்சத்திரத் தாளை ஒட்டினேன் என்று எப்படி எழுதுவது? ஐரோப்பியர் டேப்பைப் படிக்கும் தலைப்பகுதியைத் துடைக்கச் சொன்னார், துடைத்தேன். மின்னழுத்தம் பார்க்கச் சொன்னார், எலெக்ட்ரீஷியன் பார்த்தார். இன்னொரு கேபிள் என்றார். இப்படியே ஒரு வாரம் போனது. லாரி வர பன்னிரண்டு நாள் இருந்தது.

மூன்றாவது கேபிளுக்கு உட்கார்ந்த எலெக்ட்ரீஷியனின் விரலில் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டுக் கொப்பளித்தது. கையை உதறிக்கொண்டே சிரித்தார்.

"இன்னொரு கேபிள் கேட்டீகன்னா, நான் அங்குட்டே பஸ் ஏறிருவேன்க்கா."

"கேபிள் வேணாம் தம்பி," என்றேன். "தப்பு என் மேலதான்." எல்லாவற்றையும் சொல்லி, அந்தத் துண்டையும் காட்டினேன்.

அவர் வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார். "இதுல நட்சத்திரமுல்ல போட்டிருக்கு! ஏழு வருசமா ஆபீஸ்ல கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்கீக, எங்களுக்கு ஒரு துண்டு கேக்கு வெட்டலையே!" என்றவர், சிரிப்பு அடங்கியதும் விரலைப் பார்த்துக்கொண்டே, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? எனக்குச் சொல்லிட்டீக. அங்க இருக்கவருக்கும் எழுதிப்போடுங்க. அவரு என்ன, கடிச்சா தின்னுருவாரு?" என்றார்.

எழுதினேன். பள்ளியில் படித்த இங்கிலீஷில், சின்னச் சின்ன வாக்கியங்களாக. துண்டுகள் தீர்ந்தது, நட்சத்திரத் தாள், நீளம், மழை பொய்த்த இரண்டு வருடம், லாரி வரும் நாள், எல்லாம். முதல் கடிதத்திலேயே தெரிந்தும் தெரியாததுபோல எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டேன். உண்மையில் முதல் கடிதத்தின்போது எனக்குத் தெரியாது. ஆனால் பின்னால் மறைத்த கூச்சத்தில் அதையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மறுநாள் காலை இணைப்புப் போட்டபோது மூன்று கடிதங்கள் இருந்தன. யாரும் கேலி செய்யவில்லை. அர்ஜென்டினாவிலிருந்து ஒருவர், தாங்கள் சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டியதாகவும், அதனால்தான் தன் டேப்புகளும் நின்றுபோகின்றன என்று இப்போதுதான் தெரிந்ததாகவும் எழுதியிருந்தார். ஐரோப்பியரின் கடிதம் சுருக்கமாக இருந்தது. தவறு தன் நிரலிலும் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து ஊகிப்பதை விட்டுவிட்டு, வெள்ளித் துண்டு கடந்ததா என்று டிரைவையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். டிரைவ் என் கையில் இருப்பதால் திருத்தத்தை நானே எழுதுவது நல்லது என்றிருந்தார்.

நானே எழுதுவதா! அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

மூன்று நாள் எடுத்தது. அந்த டிரைவ் எப்போது மூச்சு விடும், எப்போது திணறும் என்று எனக்குப் பதினோரு வருடப் பழக்கம். விளக்கிலிருந்து துண்டு விலகும் நொடியைக் கவனித்தபடியே முதல் பகுதியை வாங்கிக்கொள்ளும்படி மாற்றினேன். மொத்தம் இருபத்தேழு வரிகள். படிக்க மறுத்த டேப்பை மாட்டினேன். ரீல் சுற்றியது, நிற்கவில்லை. ஐந்தாம் வருடத்து ஜனவரி, முதல் கிணறு, முப்பத்தொரு அடி. எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று, "ஓடுதுக்கா, ஓடுது!" என்று கத்தினார். நான் கத்தவில்லை. ஆனால் எழுந்து நின்றிருந்தேன்.

திருத்தத்தை அனுப்பினேன். ஐரோப்பியர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். ஒருமுறை நிரல் வரிகளில் இடைவெளிகள் சரியில்லை என்று. மறுமுறை, ஏன் இந்த மாற்றம் என்று பின்னால் வருகிறவர்களுக்குப் புரிய ஒரு குறிப்பு எழுதச் சொல்லி. 'சில டேப்புகளில் கையால் வெட்டிய நீண்ட துண்டுகள் உண்டு' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார். அதோடு ஒரு கேள்வி. அவருடைய டேப் டிரைவ் முற்றிலும் பழுதாகிவிட்டதாம். சோதித்துப் பார்க்கக் கருவி இல்லாமல் தன்னால் பராமரிக்க முடியாது, என் பெயரைப் பட்டியலில் போடலாமா என்று கேட்டார்.

ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, 'சரி' என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன்.

மீதி நாட்களில் காலையில் வந்ததிலிருந்து கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை டேப்புகளை ஏற்றினோம். நான் உரித்துக் கெடுத்த அந்த ஒன்றைத் தவிர எல்லாம் படித்தன. மழை பொய்த்த இரண்டு வருடமும் முழுசாகக் கிடைத்தன. அதிகாரி அச்செடுத்த தாள்களைப் புரட்டிப் பார்த்து, "பொழைச்சோம்மா" என்றார்.

சொன்ன நாளில் லாரி வந்தது. மெயின்பிரேமைக் கழற்றித் துண்டு துண்டாக ஏற்றினார்கள். பிறகு நான்கு பேர் டேப் டிரைவைச் சாய்த்துத் தூக்கினார்கள். வாசலில் அலுவலகமே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், அது போகக் கூடாது," என்றேன். எனக்கே அந்நியமாகக் கேட்கும் அளவுக்குக் குரல் உரக்க வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி, "எல்லாம் படிச்சாச்சுல்லம்மா? அப்புறம் எதுக்கு?" என்றார்.

"நம்ம டேப்பெல்லாம் படிச்சாச்சு சார். ஆனா இந்த டிரைவருக்கு இப்ப நான்தான் பொறுப்பு. யாராவது ஓடலைன்னு எழுதினா, ஓட்டிப் பாத்துத்தான் பதில் சொல்லணும். மெசின் இல்லாம எப்படிச் சொல்லுவேன்?"

"யாரு எழுதுவா?"

"அர்ஜென்டினாவுல ஒருத்தர் எழுதியிருக்கார் சார்."

அதிகாரி என்னையும் டிரைவையும் மாறி மாறிப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அண்ணே, ஏத்தாதீக! இங்குட்டு எறக்குங்க, பைய, பைய..." என்று கைகாட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். அதிகாரி கையிலிருந்த பட்டியலில் ஒரு வரியை அடித்தார்.

அன்று பிற்பகலே டிரைவுக்கு மின்சாரம் கொடுத்தோம். அர்ஜென்டினாக்காரர் புதிதாக அனுப்பிய கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டேன். என் திருத்தத்தால் அவருடைய டேப் இப்போது ஓடுகிறதாம், ஆனால் கடைசிவரை போயும் நிற்காமல் சுற்றுகிறதாம். ஒரு ரீலை மாட்டி, கதவைச் சாத்தி, கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.