அக்காவின் பாட்டுக்கு மாமா சொன்ன உரை

என் பெரியப்பாவின் மகள் பிரெஞ்சில் பாடுகிற பாடகி என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல ஏலாது. முந்தின கிழமைதான் எங்கள் வீட்டில் ஒரு குதிரை நிற்கிறதென்றும் சொல்லியிருந்தேன். லண்டன் செவன் கிங்ஸில், மூன்று அறை வீட்டில்.

ஆனால் அக்கா நிஜம். பாரிஸில் பிறந்து வளர்ந்தவள். பெரியப்பா அங்கே ஒரு உணவகத்தில் வருடக்கணக்காகக் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, கடைசியில் பெரியம்மாவோடு லண்டனுக்கு வந்து எங்கள் தெருவிலேயே வீடு எடுத்தார். அக்கா கணக்கியல் படிக்கவென்று பாரிஸில் நின்றாள். நின்றவள் பாட்டுக்காரியாகிவிட்டாள். முதலில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி. பிறகு மெட்ரோ நிலையச் சுவரில் கதவளவு முகம். பிறகு ஒரு தொடரில் பொலிஸ்காரி. எங்கள் அக்கா ஒரு வெள்ளைக்காரனுக்கு விலங்கு போட்டு இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே மூக்கு. கண்ணாடியில் என் மூக்கைப் புது மரியாதையோடு பார்த்தேன். சீப்பை வாய்க்கு நேரே பிடித்து, எனக்கே விளங்காத பிரெஞ்சில் பாடினேன்.

அவள் படிப்பை விட்ட நாளிலிருந்து பெரியப்பா மட்டும் அவளோடு கதைப்பதில்லை. அவள் திரையில் வந்தால் எழும்பிக் குசினிக்குப் போய், கழுவி வைத்த கோப்பையைத் திரும்பக் கழுவுவார்.

அப்போதுதான் அக்கா லண்டனில் பாட வருவதாகச் செய்தி வந்தது. எல்லாருக்கும் டிக்கெட் அனுப்பி, தன் அப்பாவைக் கட்டாயம் கூட்டிவரச் சொல்லியிருந்தாள். இந்த முறையும் போகாவிட்டால் பிள்ளை இனிக் கேட்கவே மாட்டாள் என்று பெரியம்மா அழுதார்.

பொறுப்பை மாமா எடுத்தார். அம்மாவின் தம்பி. லண்டனுக்கு வரும் வழியில் ஒரு மாரிகாலம் பாரிஸில் குளிரில் நடுங்கியவர். அந்தத் தகுதியில் குடும்பத்தின் பிரெஞ்சுப் பண்டிதர். பெரியப்பாவின் பிரெஞ்சு கோப்பை கழுவும் தொட்டியோடு சரி என்பது எங்கள் எண்ணம். ஒரு ஞாயிறு மத்தியானம் பெரியப்பா வீட்டு டிவியில் அக்காவின் புதுப் பாட்டைப் போட்டார். பெரியப்பா எழும்பினார்.

"இருங்கோ அண்ணை. பிள்ளை என்ன பாடுறாள் எண்டு சொல்லுறன்."

பெரியப்பா குசினி வாசலில் நின்றார். "என்னவாம்?"

"'அப்பா, உங்கடை கையைப் பிடிச்சுத்தானே நான் நடக்கப் பழகினனான்' எண்டு பாடுறாள்."

அந்த வருடம்தான் எனக்கு வகுப்பில் பிரெஞ்சு தொடங்கியிருந்தது. என் பெயர், என் வயது, என்னிடம் ஒரு முயல் இருக்கிறது என்பதுவரை சொல்லுவேன். முயலும் குதிரை மாதிரித்தான். ஆனாலும் பாட்டில் மழை வந்தது, சைக்கிள் வந்தது. அப்பா எந்த மூலையிலும் வரவில்லை.

"மாமா, அதிலை அப்பா எண்டே வரேல்லை. சைக்கிள்தான் வருது!"

மாமா என் தொடையில் நுள்ளினார். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கென்ன தெரியும் பிள்ளை? மாமா சொல்லுறது சரி." வந்து கதிரையில் இருந்தார். "அடுத்த வரி என்னடாப்பா?"

மாமாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அடுத்த வரியில் தேர்த் திருவிழா வந்தது. அதற்கடுத்ததில் பெரியப்பாவின் மீன்குழம்பு. திரையில் அக்கா ஒரு தாடிக்காரனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போனாள்.

"ஆரது தாடி?"

"டிரைவர், அண்ணை."

"ஓ." பெரியப்பா மூக்கை உறிஞ்சினார். "மீன்குழம்பை மறக்கேல்லை, என்ன?"

அந்தச் சனிக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதலே காரில் ஏறி இருந்தார்.

மண்டபம் முழுக்க லண்டனில் வாழும் பிரெஞ்சுக்காரர். வெளிச்சம் விழுந்து அக்கா வந்தாள். அவ்வளவு பெரிய சனம் எங்கள் மூக்குக்கு எழும்பி நின்று கை தட்டியது. இரண்டு பாட்டுக்கு நடுவில் அவள் மைக்கைப் பிடித்துப் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொல்லி நிறுத்தினாள். உடனே எங்கள் வரிசையிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு. பெரியப்பா! அதற்குப் பிறகுதான் மண்டபம் சிரித்தது. மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சிரித்தார். அக்கா கண்ணுக்கு மேலே கையை வைத்து இருட்டுக்குள் எங்கள் பக்கம் தேடினாள்.

பாவம் மனுசன், ஒரு சொல்லும் விளங்காமல் மகளுக்காகச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு வெட்கமாகப் போய்விடக்கூடாதே என்று நானும் பலமாகச் சிரித்துக் கொடுத்தேன்.