நேர்த்திக் காசை அவிழ்த்த காலை

என் மனைவி ஷெர்லி நெஞ்சு நோவில் விழுந்தாள் என்ற செய்தி வந்தபோது நான் நடுக்கடலில் இருந்தேன். போன பங்குனி, ஒரு செவ்வாய்க்கிழமை. திருகோணமலைக்குத் திரும்பி வர இன்னும் இரண்டு நாள் ஓட்டம். சற்றலைட் போனில் மகள் ரீட்டா அழுதாள்.

"டடி, மம்மிக்கு ஏலாதாம். கனநாள் தாங்காதெண்டு டொக்டர் சொல்றார். கெதியா வாங்க."

நான் மட்டக்களப்பில் போட் எஞ்சின் மெக்கானிக். முப்பது வருடத் தொழில். கனடாவிலிருந்து வந்த ஜெயம் அண்ணன் தன் பாய்ப்படகில் அந்தமான் வரை போய்வரப் புறப்பட்டார். படகுக்குள் இருக்கும் டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். ஷெர்லி போகவேண்டாம் என்றாள். அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் என்ன செய்தேன்? "உனக்கு எப்பவும் ஒரு சாட்டு" என்று கத்திவிட்டு, போய்வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லாமல் வெளியே வந்தேன். அவள் கேற்றடியில் நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதை மறைத்துவிட்டு இந்த ஜெபக் கூட்டத்தில் உங்கள் முன்னால் சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது.

செய்தி கேட்டதும் புத்தி கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் நேர்த்தி வைக்கிற மாதிரியே ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்தேன். பையில் இருந்த, கோயிலில் மந்திரித்த எண்ணெயில் நனைத்தேன். "மாதாவே, அவளைக் காப்பாற்று, முழங்காலில் கோயிலைச் சுற்றி வாறன்" என்று நேர்ந்துகொண்டு, படகின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குழாயின் நுனியில் இறுக்கிக் கட்டினேன். அது என்ன குழாய் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை.

அன்று பின்னேரம் காற்று அடியோடு விழுந்தது. எஞ்சின்தான் கதி. அது ஒரு மணி நேரம் ஓடி, இருமி, நின்றது.

பில்டரை மாற்றினேன். குழாயில் காற்றுப் பிடித்திருக்கும் என்று நட்டைத் தளர்த்திக் காற்றெடுத்தேன். ஓடியது. அரை மணியில் மறுபடி நின்றது. பம்பைக் கழற்றிப் பூட்டினேன். டீசலில் தண்ணீர் கலந்ததோ என்று போத்தலில் பிடித்துப் பார்த்தேன். நல்ல தெளிவு. புதன் முழுவதும் இதே கூத்து. சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் வருத்தத்தைச் சொல்லுவேன் என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவன் நான். ஸ்பானரை எறிந்துவிட்டு அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன்.

வியாழன் காலை ஜெபித்தேன். நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. "ஆண்டவரே, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முடிஞ்சுது. அவளிட்ட மன்னிப்புக் கேட்கமட்டும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்." அவ்வளவுதான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ஜெயம் அண்ணன் வந்து, "ரொனி, டீசல் எவ்வளவு கிடக்கெண்டு ஒருக்காப் பாப்பம்" என்றார். டாங்கியின் மூடியைத் திருகினேன். ஸ்ஸ் என்று அது காற்றை உள்ளே இழுத்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. டீசல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்றுப் போகவேண்டும். அதற்கென்று ஒரு குழாய் உண்டு. அது அடைபட்டால் டாங்கி டீசலை விடாது. குழாயைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனேன். அதன் வாயில் என் மஞ்சள் முடிச்சு, எண்ணெயும் உப்பும் ஏறி, அடைப்பாக இறுகியிருந்தது.

"இது நீ கட்டினதா?" என்றார் அண்ணன்.

"ஓம் அண்ணன்."

"அவிழ்த்து விடு, ரொனி."

"நேர்த்தி முடிய முதல் அவிழ்க்கக் கூடா அண்ணன். அவளுக்கு என்னவும் நடந்திட்டா?"

அவர் ஏசவில்லை. "முடிச்சு இருந்தாத்தான் மாதா பாப்பாவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நானேதான் அவிழ்த்தேன். என் கையாலேயே அவளைக் கொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவிழ்த்தேன். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் திருகோணமலை வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வெள்ளி மத்தியானம் இறங்கி, வாடகைக்கு ஒரு வான் பிடித்து, வாகரை, மாங்கேணி தாண்டி, பின்னேரம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஷெர்லிக்கு நினைவிருந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு நான் கத்தினது..." என்று தொடங்கினேன்.

"அத நான் அண்டைக்கே மறந்திட்டன்" என்றாள். "நீங்க அதையா இவ்வளவு நாளும் தூக்கிக்கொண்டு திரிஞ்சீங்க?"

சனி விடிய அவள் போய்விட்டாள்.

உயிரைக் கேட்டாய், கிடைக்கவில்லையே, இதில் என்ன சாட்சி என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் மாதாவோடு கோபித்துக்கொண்டு நாற்பது நாள் கோயிலுக்குப் போகவில்லை. வீடு வெறுமையாகக் கிடக்கிறது. இன்றைக்கும் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு முழிக்கிறேன். ஆனால் வியாழக்கிழமை நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. கேட்டதற்கு மேலேயும் கிடைத்தது. அவள் என்னை மன்னித்துப் பல நாளாகியிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்க ஆண்டவர் என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்லுவேன்.

ஆகவே பேரம் பேசாமல் அவரிடம் கேளுங்கள். யாரையாவது கோபத்தோடு வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்திருந்தால், கடைசி ஜெபம் வரைக்கும் காத்திருக்கவேண்டாம். இப்போதே எழும்பிப் போங்கள். நான் கோபிக்கமாட்டேன்.