செல்வின் சார் இல்லாத இரண்டாம் பாதி

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, வலது கையை நெஞ்சில் வைத்து, முழு நிதானத்தோடு இந்த நினைவு மலரில் ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். என் வாயிலிருந்து புறப்பட்ட எதையும் இந்தப் புனே மாநகரத்தில் இதுவரை எவரும் நம்பியதில்லை. நம்பாமலேயே ரசித்திருக்கிறார்கள். அந்த ரசனைதான் என்னைக் கெடுத்தது.

செல்வின் சார் இறந்த செய்தி வந்தபோது நான் அவரைப் பற்றித்தான் புளுகிக்கொண்டிருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து, கோந்த்வாவில் எங்கள் குடியிருப்பின் கீழே தமிழ்க் குடும்பங்கள் சில கூடியிருந்தன. எல்லோர் கையிலும் சமோசா. பேச்சு மட்டும் என் வாயில். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். தாபோடிப் பக்கம் ஒரு பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர், என் அக்காள் கணவர், செல்வின் சார். அவர் கடக்வாஸ்லா அணையின் மேல் நின்று உதைத்த பந்தை மறுகரையில் மேய்ந்த எருமை ஒன்று தலையால் முட்டி அவர் காலுக்கே திருப்பி அனுப்பிய வரலாறு அது. பந்து நடுவானில் இருந்தபோது போன் அடித்தது. “இருங்க, இன்னும் முடியல” என்று கையைக் காட்டிவிட்டு எடுத்தேன். சாரின் மகள் ஜாஸ்மின். “மாமா, அப்பா எழுந்திரிக்கவே இல்ல மாமா” என்றாள்.

நான் திரும்பி, “அத்தான் போயிட்டாரு” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண், “எருமை முட்டியா அங்கிள்?” என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்து அவர்கள் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அந்த நல்ல மனிதருக்கு இந்த ஊர் செலுத்திய முதல் அஞ்சலி அந்தச் சிரிப்பு. செலுத்த வைத்தவன் நான்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் எதைப் புதிதாகச் சொல்ல? அவர் தாபோடியில் விசில் ஊதினால் இங்கே கோந்த்வாவில் சிக்னலைத் தாண்டிப்போன ஸ்கூட்டர்கள் பின்னால் உருண்டு வந்து கோட்டில் நிற்கும் என்று நான் பல மேடைகளில் அறிவித்திருக்கிறேன். நான் அறிவிக்காமல் விட்டவைதான் அவருடைய பெருமைகள். அவர் இந்தியில் பாடம் நடத்துவார், மராத்தியில் கெஞ்சுவார். ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் திருநெல்வேலித் தமிழ் மட்டும்தான் வரும். “எலே, பந்து ஓடட்டும், நீ எதுக்கு அதுகூடச் சேந்து ஓடுத?” என்று மைதானத்தின் ஓரத்திலிருந்து கத்துவார். பட்டீல், ஜாதவ், ஷிண்டே என்று பெயர் கொண்ட பையன்கள் சட்டென்று நின்று பந்தைத் தட்டிவிடுவார்கள். இந்த ஊரில் இன்று நரைத்த தலையோடு திரியும் மராத்தி ஆட்கள் பலருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். தண்ணீர் கேட்கத் தெரியாது. “பின்னாடி ஆளு இருக்கான்லே” என்று மட்டும் சுத்தமாகச் சொல்வார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நம் அணி கோல் வாங்கிவிட்டால், யாரையும் திட்டாமல் மைதானத்தைச் சுற்றி நடந்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நிற்பார். கோல் காத்த கோலியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். சும்மா நிற்பார். எதற்கு இந்த நடை என்று ஒருமுறை கேட்டேன். “கோல் போட்டவனத் தூக்க ஊரே ஓடி வரும் மாப்ளே. வாங்கினவன் தனியா நிப்பான். அவன்கிட்ட யாராவது போவணும்லா” என்றார்.

வீட்டிலும் அதே ஆள்தான். கிரேஸ் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்டு என்றால் ஜாஸ்மினுக்குச் சார்தான் தலை பின்னுவார். அந்தப் பின்னல் சாயங்காலம் வரை ஒரு முடி அசையாது. “அப்பா, வலிக்குது” என்று அவள் கத்தினால், “டிபென்ஸ் லூஸா இருக்கக் கூடாதும்மா” என்பார். அவளுக்குப் பரீட்சை என்றால் பயிற்சி சீக்கிரம் முடிந்துவிடும். பையன்கள் அந்தப் பரீட்சைகளுக்காக ஜெபித்தார்கள். அக்கா காலமான பிறகு ரசம் வைக்கப் பழகி, பழகப் பழக அதை மோசமாக்கினார். குறை சொல்லாமல் குடித்தவர்கள் அவரும் மகளும்தான்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் கேட்டது. கல்யாண வீடுகளில் கேட்டு வாங்கிச் சிரித்தது. பள்ளி அணி இறுதிப் போட்டி ஆடிய நாளில் கிரேஸ் அக்காவுக்கு வலி எடுக்கிறது. இடைவேளையில் ஆள் ஓடிவந்து சொல்கிறார். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் பாதி ஆட்டம் இருக்கு. பிள்ளைய வெயிட் பண்ணச் சொல்லுங்க” என்கிறார். ஒழுக்கமான பிள்ளை, காத்திருக்கிறது. ஆட்டம் முடிந்து, நடுவரிடம் கை குலுக்கி, வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, ஆற அமர ஆஸ்பத்திரிக்குப் போய், வாசலில் நின்று நீளமாக ஒரு விசில். உள்ளே பிள்ளை வீல் என்கிறது.

அந்தப் பிள்ளைதான் ஜாஸ்மின். இந்தக் கதையைக் கேட்டுக்கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள்.

நடந்தது இதுதான். இடைவேளையில் ஆள் வந்து சொன்னபோது நாம் ஒரு கோல் முன்னால் இருந்தோம். சார் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, பையன்களையும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் தோளில் தட்டி, “பாத்துக்கோ மாப்ளே, யாரையும் திட்டாத” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அது கிளம்பவில்லை. கீழே போட்டுவிட்டு ஓடினார். கால்பந்து ஆளாக இருந்தும் அவர் அப்படி ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகு நேரம் கழித்துத்தான் ஜாஸ்மின் பிறந்தாள். நாங்கள் தோற்றுப்போனோம்.

அவள் ஞானஸ்நான விருந்துக்கு அணி முழுவதும் வந்தது. பிரியாணி இலையில் குனிந்திருந்த ஒரு பையன், “இந்தப் பாப்பாவாலதான் சார் நமக்குக் கப் போச்சு” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். சாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே பேச்சைக் கையில் எடுத்து, சார் கடைசிவரை மைதானத்தில் நின்றார் என்று மேற்படிக் கதையை அந்த இடத்திலேயே கட்டி விட்டேன். பொய் என்று தெரிந்ததால் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாரும் சிரித்தார். கை கழுவும் இடத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அந்தக் கதையே இருக்கட்டும் மாப்ளே. அப்பன் வரலன்னு நெனச்சா எம்மேல கோவப்படுவா. தன்னாலதான் தோத்தாங்கன்னு நெனச்சா அவ மேலேயே கோவப்படுவா. எம்மேலயே படட்டும்.” அக்காவிடமும் அப்படியே சொல்லிவைத்தார்.

அவர் அப்படிச் சொன்னதை நான் உரிமம் என்று எடுத்துக்கொண்டேன். வருஷத்துக்கு வருஷம் கதை கொழுத்தது. விசில் நீண்டது, ஒரு கட்டத்தில் பிரசவ அறையில் டாக்டரே கைதட்டினார். கைதட்டல் எனக்கு.

ஜாஸ்மினுக்குப் பிரசவமானபோது நானும் சாரும் சேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேரன் பிறந்து அரை நாள் கழித்துத்தான் எங்களுக்குச் செய்தியே வந்தது. சார் பேரனைக் கையில் வாங்கிக்கொண்டு, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். அவள் கோபமே இல்லாமல், “உங்களுக்கு மேட்ச் இருந்துச்சுல்லப்பா. நான்தான் சொல்ல வேண்டாம்னேன்” என்றாள். சார் என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். வெளியே வந்ததும், “அத்தான், சொல்லிரட்டுமா?” என்று கேட்டேன். “பிள்ள பெத்த உடம்பு. அப்புறம் பாப்போம்” என்றார். அந்தப் பேரனின் முதல் பிறந்தநாள் விழாவில் யாரோ கதை கேட்டார்கள். நான் சொன்னேன். அன்பர்களே, அதற்குப் பிறகும் சொன்னேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத் தாபோடி வீட்டில் ஜாஸ்மின் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். “மாமா, நினைவுக் கூட்டத்துல நான் பொறந்த கதைய நீங்க சொல்லணும். எல்லாரும் சிரிக்கணும். அப்பாக்கு மொதல்ல கிரவுண்டு, அப்புறம்தான் நாங்க. பரவால்ல, எனக்குப் பழகிருச்சு” என்றாள்.

அங்கேயே நின்றபடி உண்மையைச் சொன்னேன். இடைவேளை, ஸ்கூட்டர், ஓட்டம், எல்லாம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, “பஸ் மாமா” என்று இந்தியில் வெட்டினாள். “போதும். என்னைத் தேத்தறதுக்காகப் புதுசா ஒண்ணு கட்டாதீங்க” என்றாள்.

சாட்சிக்கு ஓடினேன். அன்றைய கோலி ஷிண்டே வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். மயானத்தில் எனக்கு ஆறுதலாக, “விடுலே, அடுத்ததப் பாரு” என்று தன் மைதானத் தமிழில் சொன்னவன். உள்ளே இழுத்துவந்து, “அந்த பைனல்ல ரெண்டாவது பாதியில சார் இல்லதானே, சொல்லு” என்று இந்தியில் கேட்டேன். ஷிண்டேவுக்குக் கோபமே வந்துவிட்டது. “யார் சொன்னது இல்லைன்னு? ஒவ்வொரு கோலுக்கும் சார் எனக்குப் பின்னால வந்து நின்னாரே! சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. முதலில் பொய் என்று சிரித்தவன்தான் அவனும். அப்புறம் பழக்கத்தில் சிரித்தான். இப்போது அதுதான் அவனுக்கு நடந்தது. அந்த நினைவை அவனிடமிருந்து பறிக்க எனக்கு நாக்கு எழவில்லை. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது; அந்தத் தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜாஸ்மின் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அவள் கிளாஸ்களை அடுக்கத் திரும்பினாள். என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். நான் யாரிடமும் சொல்லாதது.

“அந்த ரெண்டாவது பாதிக்கு நான்தான் கோச்” என்றேன்.

“நீங்களா? உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. எல்லாரும் முன்னாடி ஏறுங்கலேன்னு கத்தினேன். டிபென்ஸையும் சேத்து ஏத்திட்டேன்.”

“எத்தன வாங்கினீங்க?”

“நாலு.”

“கோலிகிட்ட யாரு போனா?”

“யாரும் போகல. நான் போயிருக்கணும். மரத்துக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டேன்.”

அவள் அடுக்குவதை நிறுத்திவிட்டாள். பிறகு, “மாமா, நீங்க சொன்ன எந்தக் கதையிலயும் நீங்க தோத்ததே இல்ல” என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். “அப்பா ஓடினாரா?”

“ஓடினாரு.”

“அவ்வளவு தூரமும்?”

“அவ்வளவு தூரமும்.”

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்ப கப் என்னாலதான் போச்சா?” என்று கேட்டாள். சார் இத்தனை வருஷம் பயந்த கேள்வி அதுதான். “உனக்கு அதில ஒரு பங்கும் கிடையாது. தோக்கடிச்சது முழுக்க நான்” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த ஒரு வாக்கியத்தை ஞானஸ்நான விருந்திலேயே சொல்லியிருந்தால் பிள்ளை மேலும் பழி இல்லை, தகப்பன் மேலும் பழி இல்லை. வந்து விழுந்திருக்க வேண்டியது என் மேல்; அது விழாமலிருக்கத்தான் நான் ஊரையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இது சாருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? கோல் வாங்கிய என்னைத் தனியாக விடாமல், அவர் என் பொய்க்குப் பின்னால் வந்து கடைசிவரை பேசாமல் நின்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஓட்டம். விசில் கழுத்தில் துள்ள, முதுகைக் காட்டிக்கொண்டு தாபோடி ரோட்டில் ஓடிய அந்த ஆள். அதைப் பார்த்தவர்களில், ஒப்புக்கொள்ள இன்று நான் ஒருவன்தான் இருக்கிறேன். அன்று அந்த ரோட்டில் வேறு யாராவது பார்த்திருந்தால், தயவுசெய்து ஜாஸ்மினுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் நம்பிவிட்டாள், ஆனாலும் இன்னொரு வாயிலிருந்து கேட்கட்டும்.

நான் இதுவரை உங்களுக்குச் சொன்ன கதைகளைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். அவளிடம் நாலு என்று சொன்னதும் பொய், ஐந்து. ஆனால் அவர் ஓடினார். இத்தனையிலும் அந்தக் கொஞ்சம் மட்டும் உண்மை.