அவைக் குறிப்பில் இல்லாத ஊர்

அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் செய்து பார்க்க வேண்டும் என்று தம்பி கிளம்பியது ரெண்டாயிரத்து ஒன்பதில். சிதம்பரத்தில் மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்கும் சொல்லியாகிவிட்டது. அம்மாவைத்தான் யாரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டபோது, "அவரு பக்கத்துல நான் மணையில உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை ஆயப் போய்விட்டாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்பா ஒரு காலத்தில் மேலவை உறுப்பினர். அந்த மேலவையையே பிறகு கலைத்துவிட்டார்கள்; எங்கள் வீட்டில் மட்டும் அது கலையவில்லை. சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னால், "பரிசீலனையில் உள்ளது" என்பார். அவர் பதவியில் இருந்த காலம் முழுக்க நடவு, அறுப்பு, எங்கள் படிப்பு, படுக்கையில் கிடந்த தாத்தா என்று எல்லாம் அம்மா தலையில் விழுந்தது. அப்பா மெட்ராசிலிருந்து வெள்ளை வேட்டியோடு வருவார், அழுக்கு வேட்டிகளைப் போட்டுவிட்டுப் போவார்.

"அங்க போயி என்னாதான் பேசுனாரு? அதப் படிச்சிக் காட்டுங்க. அப்பறம் உக்கார்றதப் பத்திப் பாப்போம்" என்றாள் அம்மா.

நான் கடலூரில் கோர்ட்டு தட்டச்சர். நாள் முழுக்க அடுத்தவர் வாக்குமூலத்தை அடிப்பவளுக்குச் சொந்த அப்பாவின் பேச்சைப் படிக்க அத்தனை வருஷம் தோன்றவில்லை. சென்னைக்குப் போய் நூலகத்தில் அவைக் குறிப்புத் தொகுதிகளைப் புரட்டி, அப்பா பேசிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கடலூர் செம்மண்டலத்து வீட்டுக்குத் திரும்பினேன். விழாவுக்குப் போடும் மலருக்கு விஷயம் கிடைச்சாச்சு என்று தம்பிக்கு ஏக சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் அப்பாவும் அம்மாவும் இருந்த வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கறுப்புக் கண்ணாடி. அப்பா எதிரே பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் நாள்கணக்கில் காத்துக் கிடப்பது பற்றிக் கேட்டிருந்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று சொல்லி நெல்லைத் திருப்பி அனுப்புவதைப் பற்றி, பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாதது பற்றியெல்லாம் கேட்டிருந்தார். அமைச்சர் மழுப்பினால் விடாமல் துணைக் கேள்வி போட்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாகூட, "பரவால்ல, நல்லாத்தான் கேட்டிருக்காரு" என்றாள். பேப்பர் லேசாக ஆடியது.

அடுத்தது கொள்ளிடத்து வெள்ளம்.

அந்த வெள்ளத்தில் நானும் இருந்தேன். குமராட்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தண்ணீர் ஏறியதும் எங்கள் குடும்பம், எங்கள் வயலில் நடவு நட்டவர்கள், ஆடு மாடு எல்லாம் ஒரே மேட்டு ரோட்டில் நின்றோம். அங்கேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. அம்மா தன் புடவையை மறைப்பாகக் கட்டினாள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் படகு போவது தூரத்தில் தெரிந்தது. எங்களுக்கு மட்டும் வரவில்லை. வந்தபோது ஆடுகள் பாதி செத்திருந்தன.

அந்த வாரம் அப்பா அவையில் எழுந்து, படகு வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொரு ஊராகப் பேர் சொல்லியிருந்தார். படிக்கப் படிக்க அம்மா முன்னால் குனிந்து வந்தாள்.

"நம்ம ஊரு பேரு?"

மறுபடி பார்த்தேன். இல்லை.

அப்பா பேப்பரை மடித்தார். "நம்ம ஊருன்னு சொன்னா, சொந்த வீட்டுக்குப் படகு கேக்குறான்னு சொல்லுவாங்க. அதான் விட்டுட்டேன். வேணும்னேதான் விட்டேன்."

தம்பி கண் கலங்கிவிட்டான். இதையே மலரில் முதல் பக்கத்தில் போடலாம் என்றான். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று நினைத்தேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"எனக்குக் கேக்க வாணாம் மாமா. என் புள்ளைங்களுக்கும் கேக்க வாணாம். ஆனா ரோட்டுல நின்னது நாங்க மட்டும் இல்லியே, ஊரே நின்னுச்சே. அவுங்க உங்களுக்கு என்னா பண்ணாங்க? அவரு சொல்லாம இருக்க மாட்டாரு, படகு இதோ வந்துரும்னு நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். புள்ள பெத்தவகிட்டயும் சொன்னேன். அதுக்கப்பறம் ஊருத் தெருவுல நான் எப்படி நடந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு முகம் சுட்டது. அப்பா நேர்மையானவர் என்ற பேருக்காக ஒரு ஊரே தண்ணீரில் நின்றிருக்கிறது. நாங்கள் அதை மலரில் போடப் பார்த்தோம்.

சில நாள் கழித்து அப்பா தம்பியைக் கூப்பிட்டார். மண்டபம் வேண்டாம், ஊரில் பந்தல் போடு என்றார். தம்பி தலையில் அடித்துக்கொண்டான், ஆனாலும் போட்டான். மலர் வரவில்லை.

விழாவன்று அம்மா பட்டுப்புடவை கட்டி வந்தாள். ஆனால் பெண்கள் கூட்டத்தோடு ஓரமாக நின்றுகொண்டாள். உட்காருவாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மணையில் தனியாக உட்கார்ந்திருந்த அப்பா, ஐயரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மைக்கைக் கேட்டு வாங்கினார். ஏதோ சொற்பொழிவு வரப்போகிறது என்று ஜனம் சாய்ந்து உட்கார்ந்தது.

"வெள்ளத்தப்ப அவையில நான் எல்லா ஊரு பேரும் சொன்னேன். இந்த ஊரு பேர மட்டும் சொல்லல. என் பேரு கெட்டுடக் கூடாதுன்னு பாத்தேன். படகு வரும்னு உங்ககிட்ட சொன்னவ பொய் சொல்லல. நான்தான் சொல்லல."

யாரும் கைதட்டவில்லை. அப்பா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா பெண்களை விலக்கிக்கொண்டு வந்து மணையருகே நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க மாமா" என்றாள்.