அவள் விளையாட்டில் பாய்ந்த தண்ணீர்

என் தோழி செய்த வீடியோ கேம் வெளிவந்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. பூங்கொத்துப் படம் போட்டு வாழ்த்து அனுப்பிவிட்டு, உடனே அந்த கேமை போனில் இறக்கினேன், குறை கண்டுபிடிக்கத்தான்.

மன்னார்குடியில் கல்லூரி படித்தபோது நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு. சொந்தமாக ஒரு கேம் என்ஜின் எழுதுவது என்று சேர்ந்துதான் ஆரம்பித்தோம். என்ஜின் என்பது கேமின் கண்ணுக்குத் தெரியாத பாதி. பொத்தானை அழுத்தினால் ஆள் நகர வேண்டும், சுவரில் மோதினால் நிற்க வேண்டும், வெளிச்சமும் நிழலும் சத்தமும் கூடவே வர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் கண் இமைப்பதற்குள் கணக்குப் போட்டு, வரைந்து, மறுபடி கணக்குப் போடுவது அதன் வேலை. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கேமுக்கும் இதை முதலிலிருந்து எழுதினார்கள். பிறகு கதையையும் படத்தையும் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் மற்றவர்களுக்கு விற்கலாம் என்று கண்டுகொண்டார்கள். இப்போது பெரிய பெரிய என்ஜின்களையே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அப்படி ஒன்று கைக்கு வந்ததும் அவள் எங்களுடையதைக் கைவிட்டாள்.

"சமைக்கணும்னா அடுப்பையும் நாமளேதான் செய்யணுமாடி?" என்று கேட்டாள். நான் விடவில்லை.

கல்யாணமாகி வலங்கைமான் பக்கம் வந்த பிறகும் விடவில்லை. பகலில் ஒரு கம்பெனிக்கு பில்லிங் சாஃப்ட்வேர், மிச்ச நேரமெல்லாம் என் என்ஜின். அதில் நான் சரியாகச் செய்தது தண்ணீர். மடையைத் திறந்தால் பள்ளம் தேடி ஓடும், வயல் நிறைந்ததும் வரப்பு தாழ்ந்த இடத்தில் வழிந்து அடுத்த வயலுக்குப் போகும். அவ்வளவுதான். ஆள் கிடையாது, பயிர் கிடையாது, ஒரு கொக்குகூடக் கிடையாது.

அவள் கேமில் எல்லாம் இருந்தது. நம் டெல்டாதான் களம். ஒரு பெண் தனியாக நின்று குறுவை சாகுபடி செய்கிறாள். ஆனால் மடையைத் திறந்ததும் வயல் முழுக்க ஒரே நேரத்தில் நீலமாகி, அண்டாவில் நிரம்புவதுபோல் தண்ணீர் மட்டமாக ஏறியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார், கொஞ்சம் நிலமும் உண்டு. "ஏங்க, இத கொஞ்சம் ஆடிப் பாருங்க" என்று போனை நீட்டினேன்.

"தண்ணி எங்க இப்படிப் பாயும்? மேட்டுலயும் பள்ளத்துலயும் ஒண்ணா ஏறுது" என்றார்.

எதிர்பார்த்த பதில். ஆனால் போனை அவர் கீழே வைக்கவில்லை. நாற்று நட்டார், களை எடுத்தார், வரப்பில் வளை பறித்த எலியைத் திட்டினார். தட்டில் போட்ட தோசை ஆறிப்போனது. "தண்ணி தப்புதான். ஆனா நல்லாருக்கு" என்றார். முன்பு என் என்ஜினைக் காட்டியபோது, "நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பியவர் இவர்.

அடுத்த வாரம் தஞ்சாவூரிலிருந்து அவளே கூப்பிட்டாள்.

"நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் தண்ணியத்தான் கிண்டல் பண்றாங்கடி. உன்னோடத குடேன். உன் பேரையும் போடறேன்."

என் தண்ணீர் தயாராகத்தான் இருந்தது. அவள் என்ஜினுக்குப் பொருந்துமாறு மாற்றிக் கொடுப்பதும் பெரிய வேலை இல்லை. ஆனால் நான் இத்தனை வருஷம் உட்கார்ந்து எழுதியது அவள் வயலில் போய்ப் பாயவா? மனசு வரவில்லை. "இன்னும் முடியலடி" என்றேன்.

"சரி, விடு. ஸ்டோர்ல ஒண்ணு இருக்கு, வாங்கிப் போட்டுக்கறேன். உன்னோடதா இருந்தா நல்லாருக்குமேன்னு பாத்தேன்."

அந்தப் பெரிய என்ஜின்களுக்கு இணையத்தில் கடையே உண்டு. மரம், கதவு, மழை, ஆள் நடக்கிற நடை என்று எந்த நாட்டுக்காரரும் எதையும் செய்து விற்பனைக்கு வைக்கலாம். அதில் தண்ணீரும் இருப்பது எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கத்தான் பயம்.

கேம் அப்டேட் ஆன அன்று கணவர் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு, இப்ப சரியாப் பாயுது."

போய்ப் பார்த்தேன். மடையில் நுரைத்து, பள்ளத்தைத் தேடி, மேட்டைச் சுற்றிக்கொண்டு போனது. எழுதிய ஆள் எந்த ஊரோ, நம் வயலில் கால் வைத்திருக்கவே மாட்டார். வரப்பு முக்கில் தண்ணீர் திரும்புகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன். அந்த இடத்தில் அது என்னுடையதைவிட நன்றாக இருந்தது.