அத்தை கம்மலில் அடித்த ஷாக்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைக்கும் பஞ்சமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். அச்சுக் கோர்ப்பவர் திருத்தித் திருத்தி அலுத்துப் போயிருப்பார். போதாததற்கு இரண்டு வாரமாக இந்தப் பத்தியை எழுதவும் இல்லை. ‘ஆள் எங்கே போனான்?’ என்று சிலர் விசாரித்தார்களாம்.

எங்கும் போகவில்லை. பெண் பார்க்கப் போயிருந்தேன்!

சிரிக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவன் பெண் பார்க்கக் கூடாதா என்ன?

துறைமுகத்தில் உப்பு மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை எனக்கு. “மூட்டை வாயைத் தைக்கச் சொன்னா, இவன் சொந்த வாயையும் சேத்துல்லா தச்சு வச்சிருக்கான்” என்பாள் அக்கா. பொய்யில்லை. முன்பு பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் நான் தரையைப் பார்த்தேன். அவர்கள் வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

இந்த முறை பெண் செலின். ஸ்பின்னிங் மில்லில் வேலை. மாதா கோயில் முற்றத்தில் தூரத்திலிருந்து பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். சத்தமாகச் சிரிக்கிறவள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்... இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த இடம் மட்டும் கை நழுவக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

அன்றைக்குக் கச்சான் காற்று. எங்கள் ஊரில் எப்போதும் உடம்பு பிசுபிசுக்கும். மேற்கேயிருந்து கச்சான் அடித்தால் மட்டும் உதடு வெடிக்கிற அளவுக்கு வறட்சி. அக்கா எனக்கு டெரிலின் சட்டை, புது ஷூ, நைலான் சாக்ஸ் என்று பூட்டி அழைத்துப் போனாள். ஷூவை வாசலில் கழற்றினேன். சாக்ஸையும் கழற்ற வேண்டுமா, தெரியவில்லை. அப்படியே நுழைந்துவிட்டேன்.

புழுதிக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே மங்கல். செலினின் அண்ணன் சேவியர் கப்பல்காரர். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கம்பளத்தை எங்களுக்காக விரித்திருந்தார். எனக்குக் கூச்சம் வந்தால் கால் சும்மா இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கம்பளத்தில் தேய் தேயென்று தேய்த்தேன்.

செலின் காப்பி கொண்டுவந்தாள். எவர்சில்வர் டம்ளருக்குக் கை நீட்டினேன் — டப்! நீலமாக ஒரு பொறி. “அம்மாடி!” என்று அவள் கையை உதற, காப்பி முழுவதும் பக்கத்தில் இருந்த என் அத்தையின் புடவையில்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் அவர் ‘சரி’ என்றால்தான் கல்யாணம்.

“எந்திரிங்க. தொடும்போதே நெருப்பு வருது, இது நல்லதுக்கில்ல” என்றார் அத்தை.

“காப்பி கொட்டினதுக்கா அத்தை இவ்வளவு?” — அக்கா கெஞ்சினாள்.

“காப்பி இல்ல ஏளா, நெருப்பு!”

செலின் சிரித்துவிட்டாள். “நெருப்புமில்ல ஒண்ணுமில்ல. கச்சான் அடிச்சா மில்லுல எங்களுக்குத் தெனமும் இதுதான். பஞ்சு கையில ஒட்டிக்கிட்டு விடாது. மிஷினைத் தொட்டா சுள்ளுனு கடிக்கும். தண்ணியைப் புகையா அடிச்சு விட்டா அடங்கிரும். நைலான் சீப்புல சீவினா முடி எந்திரிச்சு நிக்குதே, அதே கரண்டு. உராயுததுல வாரது. அவுக சாக்ஸைப் பாருங்க!”

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

“ஆமா,” என்றார் சேவியர். “கடல்ல இடி மழை திரண்டு வரும்போது பாய்மர நுனியில நீலமா ஒரு வெளிச்சம் நிக்கும். தோணிக்காரங்க மாதா விளக்குன்னு கும்பிடுவாங்க. அதுவும் இந்த ஜாதிதான். மின்னல் இதுக்குப் பெரியண்ணன்.”

“பாய்மரத்துல வந்தா மாதா விளக்கு, எம் விரல்ல வந்தா பீடையா?” என்றாள் செலின்.

“வாய் நல்லா இருக்கு. அப்படின்னா யாரைத் தொட்டாலும் வரணும்லா?” — அத்தை குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

அவ்வளவுதான். அவர் படி இறங்கினால் முடிந்தது.

“அத்தை, நில்லுங்க!”

யார் சொன்னது? நான்தான்! எனக்கே ஆச்சரியம். எழுந்து, கம்பளத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காலைத் தேய்த்துக்கொண்டு நடந்தேன்.

“என்னலே, மாடு கணக்கா தேய்க்கே?” என்றார் அத்தை.

அவர் காதுக் கம்மலுக்கு நேராக விரலை நீட்டினேன்.

டப்!

“ஏலே... பாவி!”

பிறகு செலினின் அந்தச் சிரிப்பு. “இப்ப பீடை உங்க காதுலயும் ஏறிட்டே அத்தை!”

கவனித்தீர்களா? அதற்குள் ‘அத்தை’ என்று உறவு வைத்தே கூப்பிட்டுவிட்டாள்!

அத்தை காதைப் பிடித்தபடி முறைத்துப் பார்த்தார். முறைப்பு நிற்கவில்லை. வயிறு குலுங்கியது. கடைசியில் வாயும் திறந்துகொண்டது. “சனியன்... சாமியார்கிட்ட சொல்லி கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

செலின் என் பக்கம் விரலை நீட்டினாள். “இன்னும் மிச்சம் இருக்கா?”

மறுபடியும் தேய்த்தேன்.

யோசித்துப் பார்க்கிறேன்... கூச்சமும் இப்படித்தானோ? வருடக்கணக்காக உடம்புக்குள் சேர்ந்துகொண்டே இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரிவதில்லை. சரியான ஆள் ஒரு விரல் தூரத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல்!

இன்று பூசையில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். என் பெயர், அவள் பெயர். “இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்” என்றார் சாமியார். வழக்கம்போலக் கோயில் முழுக்க அமைதி.

நான் மட்டும் எழுந்து நின்று, “இல்ல சாமி!” என்றேன் — கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

27.6.1976, ஞாயிறு